பாடம் ஒன்பது: மருந்துக்கடையில்

கன்டெய்னர் லாரிகள் நகராத ராத்திரி.
டோல்கேட்டில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
காதில் வயரை மாட்டிக்கொள்கிறேன்.
பாதோவாவிலிருந்து ஒரு நாகர்கோவில்காரி சொல்கிறாள்:
இன்றைக்கு நீங்கள் நோயாளி, நான் கடைக்காரி.
எங்கே வலிக்கிறது உங்களுக்கு?

பதினோரு வருஷமாக அது என் கேள்வி.

மி ஃபா மாலே என்று சொல்லவேண்டுமாம்.
மாலே, மாலே என்று சொல்லிப் பார்த்தால்
மாலையாகிவிடுகிறது.
மாத்திரை கேட்கும்போது முதலில் ஓர் உன்,
அப்புறம் அந்தி.
உன் அந்திதொலோரீஃபிகோ.
இவ்வளவு பொழுது சாய்கிற பாஷையில்
எப்படித்தான் எழுந்து வேலைக்குப் போகிறார்களோ.
ஜனவரியில் நானும் போகவேண்டும்,
யாரோ ஒரு பெரியவரின் படுக்கையைத் தட்டிப் போட.

வலிக்குத் தொலோரே.
அங்கே சிரித்துவிட்டேன்.
'டோலோ ரெண்டு குடு' என்று
இந்தத் தெருவே வந்து கேட்டதெல்லாம் வலியைத்தானா?
நானும் அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்து
அதையேதான் கொடுத்துக்கொண்டிருந்தேனா,
சில்லறைக்குப் பதில் ஒரு மிட்டாயும் சேர்த்து?

ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள்.
செதில் ஒட்டியவை. ஒன்றில் கறுப்புக் கயிறு.
தேசம்மா குனிந்து வரமாட்டாள்,
நான்தான் போய் ஷட்டரைத் தூக்கினேன்.
மணலிக் காற்றும் அவளோடு உள்ளே வந்தது.

'இடுப்பாண்ட விண்ணு விண்ணுங்குது.
அங்கருந்து தொடைக்கு இஸ்துக்கினு போவுது.
முட்டி ஒரே கொடைச்சலு.
உள்ளங்கால்ல யாரோ பச்சமொளகா
அரைக்கிறா மாரி கீது.
ஐஸ் பொட்டி தூக்குற அன்னிக்கி மட்டுந்தான்.'
தினம் தூக்குகிறாள்.

விண் விண்ணுக்கு என்ன சொல்வீர்கள்,
போனில் கேட்டேன்.
தொலோரே.
குடைச்சலுக்கு?
தொலோரே.
இழுத்துக்கொண்டு போவதற்கு?
கொஞ்சம் யோசித்து,
தொலோரே ஃபோர்த்தே என்று போடுங்கள், கடுமையான வலி.

ஃபோர்ட் எங்கள் அட்டைகளிலும் உண்டு.
அலமாரியில் ஒரு தட்டு முழுக்க ஃபோர்ட்.
கோட்டை ஸ்டேஷன் ஃபோர்ட் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

'யாராண்ட பேசினுகீற?'
'பாடம்.'
'இன்னா பாடம்?'
'வலிக்குதுன்னு சொல்றதுக்கு.'
'அத்தப் போய் எவனாவது படிப்பானா,'
என்று சிரிக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.
மாத்திரையை முந்தானையில் முடிந்தாள்,
பதினாறு ரூபாயைக் கணக்கில் எழுதச் சொன்னாள்.
போனவாரத்து நாற்பதுக்குக் கீழே எழுதினேன்.

அவள் போனபிறகும் வயரில் அந்தக் குரல் இருந்தது.
சொல்லுங்கள், எங்கே?
முதுகுக்கு ஸ்கியேனா, காலுக்கு காம்பா.

காம்பா.
புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்,
பதினோரு வருஷம் நின்ற காம்பை.
கெண்டைச் சதையில் நீல நரம்பு
புழுப்போலச் சுருண்டு கிடந்தது.
வீட்டில் யாருக்கும் காட்டியதில்லை.
இத்தனை மாத்திரைக்கு நடுவில் நின்றும்
எனக்கென்று ஒன்றைக் கிழித்ததில்லை.

மி ஃபா மாலே, என்றேன்.
மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக,
லா காம்பா.

பிராவா, என்றாள் உடனே.
உச்சரிப்புக்கு.