இரண்டே கால் அங்குலம்

செகாம்புட்டில், தகரக் கூரை வெந்துகிடக்கும் பட்டறையில்
என் வண்டி அந்தரத்தில் நிற்கிறது.
அடியில் லியோங். நெற்றியில் விளக்கு.
பழைய மஃப்ளரைக் கழற்றி இறக்கியபோது
மிளகாய்த்தூள் போலத் துரு
அவன் சிலிப்பரைச் சுற்றிக் கொட்டியது.

"எவ்வளவு சத்தம் வேணும்?"
மலாயில் கேட்கிறான், பாசாரில் கேட்பதுபோல:
அரைக் கிலோவா, ஒரு கிலோவா.

என் பிழைப்பே அதுதான், லியோங்.
பகலெல்லாம் கண்ணாடிக் கூண்டில் ஆட்களை உட்காரவைத்து
காதுக்குள் மெல்லிய ஒலிகளை அனுப்புகிறேன்.
கேட்டால் கையைத் தூக்குங்கள்.
கேட்காததற்கும் சிலர் தூக்குவார்கள்,
தோற்க மனமில்லாமல்.

கவினேஷ் மூன்று அங்குலம் போடச் சொல்கிறான்.
நேர்க்குழாய். நடுவில் தடுப்பே கூடாதாம்.
"காராக் மேட்டுல ஏறுனா மலையே திரும்பிப் பாக்கும்க்கா."
அவன் வருவது இரண்டு சிக்னலுக்கு முன்பே தெரியும்.
வந்து சேர்ந்தபின்
அவன் பேசுவதுதான் கேட்பதில்லை.

நான் கிளம்புவது விடிகாலை ஐந்தேகாலுக்கு.
குளிர்ந்த எஞ்சின் ஒரு நிமிடம் தொண்டையைச் செருமும்.
மூன்றாம் மாடியில்
மக்சிக் ரொஸ்னாவின் சமையலறை விளக்கு எரியும்.
இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர்.
விளக்கு மட்டும்.

டைட்டானியம் பாடுமாம்; விலை கேட்டால் நான் அழுவேன்.
சாதா இரும்பு பாதி விலை,
இந்த ஊர் மழைக்கு மூன்று வருஷம் தாங்கினால் அதிகம்.
துருப்பிடிக்காத எஃகு, ரெசனேட்டரோடு,
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. சரி.
அகலம்?
அகலக் குழாயில் புகை சோம்பி நடக்கும்.
கொஞ்சம் நெருக்கினால்தான் ஓடும்.
டோலில் தடுப்பு உயர்ந்ததும் மிதிப்பவளுக்கு
அந்த முதல் இழுப்புப் போதும்.

இரண்டே கால் அங்குலத்தைத் தற்காலிகமாகப் பூட்டினான்.
நான் உள்ளே, முதுகுக்குப் பின்னால் எஞ்சின்.
ஆயிரத்து ஐநூறு: நல்ல அடிவயிற்றுக் குரல்.
இரண்டாயிரம்: இன்னும் நல்லது.
இரண்டாயிரத்து எண்ணூறில் வந்தது அந்த முனகல்,
மண்டைக்குள் புகுந்த வண்டு.
கையைத் தூக்கினேன்.
ரெசனேட்டரை ஒரு சாண் முன்னே தள்ளினான்.
வண்டு மூவாயிரத்து நூறுக்குக் குடிபெயர்ந்தது;
அங்கே நொடி நேரம் இருந்துவிட்டுப் போனது.

இறங்கிச் சுற்றி வந்தேன்.
ஃபிளாஞ்சில் ஊசிமுனை அளவு சீறல்.
"கேஸ்கெட் ஒழுகுது."
குனிந்து இடது காதைக் கொடுத்தான். பிறகு வலதை.
"இல்லையே."
கையைக் கிட்டே கொண்டுபோனான்.
சூடான காற்று விரலில் பட்டதும்
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நாலாயிரம் ஹெர்ட்ஸ்.
வரைபடத்தில் கோடு அங்கேதான் பள்ளத்தில் விழும்.
கிரைண்டரும் சுத்தியலும் தோண்டிய பள்ளம்.
என் வயதுதான் இவனுக்கு, முப்பத்தேழு.

போல்ட்டை இறுக்கினான். சீறல் நின்றது.
"இப்போ?"
குழாயைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.
"நின்னுருச்சு," என்றேன்.
தலையாட்டினான், தனக்கும் கேட்டதுபோல.

பணத்துக்கு நடுவே என் கார்டை வைத்தேன்.
பின்பக்கம்: செவ்வாய், பத்தரை, காசு வேண்டாம்.
நோட்டுகளை எண்ணும்போது அது வந்தது.
எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து எண்ணினான்.
கார்டைப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் தொங்கும் ஆணியில் குத்தினான்.
வருவானா, தெரியாது.
ஆணியில் ஏற்கெனவே நிறையக் காகிதங்கள்.

மறுநாள் ஐந்தேகால்.
கதவைச் சத்தமில்லாமல் திறந்து உட்கார்ந்தேன்.
இன்று எரியாது என்று எனக்குள் ஒரு பந்தயம்.
சாவி இன்னும் என் கைக்குள் இருந்தது;
மேலே விளக்கு எரிந்தது.
ஜன்னலில் மக்சிக், தொழுகைக்கு வெள்ளைத் துணி போர்த்தி,
கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

எத்தனை வருஷமாக
இந்த விளக்கை என் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்!

சாவியைத் திருப்பினேன்.
அவர் கீழே பார்க்கவேயில்லை.