ஒரு எல், இரண்டு எல்

அஜ்மான் ஜுர்ஃபில்
டயர்க் கடைக்கும் மந்திக் கடைக்கும் நடுவே
எங்கள் டைப்பிங் சென்டர்.
இரண்டாவது மேசை நான். வேலை, கேன்சல்.
இன்று காலையிலிருந்து ஒன்பது அடித்துவிட்டேன்.

அடிப்பது என்றுதான் சொல்வோம்,
விசா அடிப்பதைப் போலவே.
ஆங்கிலத்தில் அது தன் காலில் நிற்கும் வினை.
நம்மிடம் வந்தால் கால் வராது,
பண்ணு, அடி, ஆகு
எவராவது தோள் கொடுக்க வேண்டும்.
"கேன்சல் பண்ணிட்டாங்க" என்றால்
எங்கோ ஓர் ஆள் இருக்கிறான்.
"கேன்சல் ஆயிடுச்சு" என்றால்
மழை பெய்ததுபோல, யாருமில்லை.
ஊருக்குப் பேசுகிறவர்கள்
பெரும்பாலும் மழையைத்தான் சொல்கிறார்கள்.
சிலர் "கேன்சல்ல போறேன்" என்பார்கள்
அது ஏதோ இரவு பஸ் என்பதுபோல.

சர்வர் சுற்றிக்கொண்டேயிருந்த ஒரு மதியம்
சொல்லின் பிறந்த ஊரைத் தேடினேன்.
லத்தீனில் அது கம்பித் தடுப்பு,
குறுக்கும் நெடுக்குமாய்ச் சட்டம்.
எழுதியது வேண்டாமென்றால்
அதன்மேல் கட்டம் கட்டமாய்க் கோடிழுப்பார்களாம்.
எழுத்து உள்ளேயே இருக்கும்,
வாசிக்கலாம்,
வெளியே வராது.

தெற்கே எங்கள் பக்கம்
வாசலை மறைத்த கம்பிக்குப் பெயர் அழி.
துடைத்தெடு என்பதற்கும் அதே அழி.
இது தற்செயல் என்று தெரியும்.
தெரிந்தும் தேநீர் ஆறிப்போனது.

பக்கத்து மேசை முஆவியா, சூடான்காரர்.
அரபியில் கேன்சலுக்கு இல்கா,
மொழிக்கு லுகா,
இரண்டும் ஒரே வேர் என்றார் கண்ணெடுக்காமல்.
வெறும் பேச்சாக்கிவிடுவது, அவ்வளவுதானாம்.
ரத்து உங்களுடையதா என்று கேட்டேன்.
எங்களுடையதுதான், திருப்பி அனுப்புவது,
எப்போது எடுத்துப்போனீர்கள் என்றார்.
யாருக்குத் தெரியும்.
எதைக் கொண்டுபோனாலும்
பதினெட்டுச் சொச்சம் கிலோ வந்துவிடுகிறது.

ரப்பர் பேண்டு போட்ட ஏழு பாஸ்போர்ட்டோடு
பி.ஆர்.ஓ. நவாஸ் வந்தது செவ்வாய்க்கிழமை.
ஏழாவது ஆள் கூடவே நின்றார்.
வில்லாயுதம்.
பதினோரு வருடம் சாரம் கட்டியவர்,
இரும்புக் குழாயில் குறுக்கும் நெடுக்குமாய்,
முப்பது மாடிக்கு.
கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பதும் அவரே.

"இங்க கையெழுத்து.
பாக்கி எல்லாம் வாங்கிட்டேன்னு இருக்கு."
"இன்னும் வாங்கலையேம்மா."
"செக் நாளைக்கு ரெடி" என்றார் நவாஸ்,
"இன்னைக்கு சப்மிட் பண்ணணும்."
வில்லாயுதம் பேனாவை எடுத்தார்,
மூடியைக் கழற்றினார்,
மறுபடி மூடினார்.
நாளை என்பது அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை.
பேனாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அமெரிக்காக்காரன் 'கேன்சல்டு' எழுத ஒரு எல் போதும்.
எங்கள் படிவத்தில் இரண்டு.
புதிதாய்ச் சேர்ந்தபோது இதற்கே ஒரு நாள் திட்டு வாங்கினேன்.
வில்லாயுதத்துக்கும் இரண்டு எல்,
பாஸ்போர்ட்டில் தெளிவாகவே இருக்கிறது.
பழைய தமிழில் எல் என்றால் பகல்,
பள்ளியில் எதற்கோ மனப்பாடம் செய்தது.

அவர் கையெழுத்துப் போட்டார்.
நான் அடித்தேன்.
சர்வர் சுற்றியது, நின்றது,
சிவப்பில் ஒரு வரி:
பெயர் பொருந்தவில்லை, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.

"என்னாச்சு?" நவாஸ் எட்டிப் பார்த்தார்.
"ஒரு எழுத்து விட்டுப்போச்சு."
"யாரு விட்டது?"
"விட்டுப்போச்சு" என்றேன்.
ஒரிஜினல் கையெழுத்தோடு திரும்ப அடிக்கணும்,
இன்னைக்கு டைம் முடிஞ்சது, நாளை பத்து மணிக்கு வாங்க.

அந்தத் தாளை வில்லாயுதம்
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
செக் வந்ததா, தெரியாது,
புதன்கிழமை எனக்கு வேறு மேசை.
ஐம்பது திர்ஹாம் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
முஆவியா அரபியில் ஏதோ எழுதினார்.
என்னவென்று நான் கேட்கவில்லை.