இசைக்கவை

மரமே இல்லாத தீவு எங்களுடையது.
மரத்துப்போக என் பாதங்கள்தான் அகப்பட்டன.

முதலில் குடல்.
பத்து வருடமாகத் தன்னையே தின்றுகொண்டிருந்தது.
துறையில் கயிறு வீசும்போதும்
கழிப்பறை எத்தனை எட்டு என்று கணக்கு வைத்திருப்பேன்.
பிறகு நெருப்பு நரம்புக்கு இறங்கியது.
தானாக இறங்கியதா, மருந்து இறக்கிவைத்ததா?
"இதுவாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்"
என்றார் டோர்ஸ்ஹாவ்னில் டாக்டர் தூரிட்.
தெரியாது என்று சொல்லும் டாக்டரை
அன்றுதான் பார்த்தேன்.

இசைக்கவையை மேசையில் தட்டி
பெருவிரல் எலும்பில் ஊன்றுவார்.
"அதிர்வு நின்றதும் சொல்லுங்கள், ஹோக்னி."
காலில் ஒன்றும் இல்லை.
காதில் இருந்தது,
மூடுபனிக்கு அப்பால் போகும் படகின் எஞ்சின்போல.
அது தேயும்வரை பொறுத்திருந்து
"இப்போது" என்பேன்.
கால் தெரியாதவனுக்குப் படகின் மேல்தளத்தில் வேலை ஏது?
ஒரு வருடம் இப்படிக்
காதால் நடந்தேன்.

மார்ச்சில், பூட்ஸுக்குள் ஒரு திருகாணி.
விடிந்ததிலிருந்து அடையும்வரை அதன்மேல் நடந்திருக்கிறேன்.
காலுறையை உரித்த மர்யுன் கத்தவில்லை.
திருகாணியைக் கழுவினாள்,
காப்பிக் கோப்பையில் போட்டாள்,
கோப்பையோடு என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

தூரிட் கோப்பைக்குள் பார்த்தார்.
எழுந்துபோய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார்.
தண்ணீர் இரைச்சலுக்குள் கவையைத் தட்டினார்.
"இப்போது சொல்லுங்கள்."

சொல்ல என்ன இருக்கிறது.

ஒரு மாத்திரையை நிறுத்தினார்கள்.
மாதத்தில் இரண்டு நாள் கையில் ஊசி,
யார் யாரோ கொடுத்த இரத்தத்திலிருந்து
பிரித்தெடுத்த தெளிநீர் சொட்டுச் சொட்டாக.
ஆயிரம் பேர் இருப்பார்களாம் ஒரு புட்டியில்.
என் படகில் ஏறியவர்களும் அப்படித்தான்,
பெயர் சொல்லாமல் உட்கார்ந்து, இறங்கிப் போவார்கள்.

நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்,
வளர்ந்தால்.
அந்தக் கடைசிச் சொல்லை வீட்டில் நாங்கள் எடுப்பதில்லை.
மர்யுன் தையல் நாடாவை முழங்காலில் வைத்து
விரல் நுனிவரை இழுத்தாள்.
நானூற்று அறுபது.
நாடாவைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டாள்.
நான் இப்போது கரையில் டிக்கெட் கிழிக்கிறேன்.
கயிறு வீசுவது பெய்னிரின் மகன்;
நன்றாகவே வீசுகிறான், அதுதான் எரிச்சல்.

நேற்றுக் காலை அவசரம், ஈரக்காற்று,
புதுக் காலுறை, அவள் பின்னியது.
"ஒரு முடிச்சை ஒழுங்காகப் போடத் தெரியாதா உனக்கு,
குதிகாலில் குத்துகிறது" என்று
வாசலில் நின்று கத்தினேன்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எந்தக் காலில்?" என்றாள்.