முகப்பு இருபது அடி

முதல் இருபது அடிக்கு முழு வாடகை.
அடுத்த இருபதுக்கு அரை.
அதற்கும் உள்ளே போனால் கால்,
பிறகு அரைக்கால்,
பிறகு வீசம்.
கடைக்கு விலை வைக்கும் கணக்கு இது.
தெருவை விட்டு விலக விலக
தரை மலிந்துகொண்டே போகும்.

போன ஜனவரி, மியூனிக்.
வாடிக்கையாளரின் ஆள் யோர்க்
வண்டி நுழையாத கடைத்தெருவில்
என்னை நடத்திக் கூட்டிப்போனார்.
பனி. காலுறைக்குள் ஈரம்.
கண்ணாடிக்குப் பின்னே பொம்மைகள்
அதற்குள் கோடைக்கு உடுத்தியிருந்தன.
உள்ளங்கையில் அடங்கும் கருவியை அழுத்தி அழுத்தி
ஒருத்தி மூலையில் நின்று
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
கட்டடம் சும்மா,
கடக்கிறவர்கள்தாம் சொத்து என்றார் யோர்க்.
சதுர மீட்டருக்கு என்ன என்று கேட்டேன்.
சொன்னார்.
தோ பாயோ வீட்டுக்கு நான் கட்டும் தவணையை
மனசுக்குள் சதுர மீட்டராக்கிப் பார்த்துவிட்டு
பேச்சை மாற்றினேன்.

இன்று ஞாயிறு.
சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு திருப்பம்.
இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவே
சஃபியா பேகத்தின் பெட்டிக்கடை.
நிஜமாகவே பெட்டிகள்,
சக்கரம் வைத்தவை, ஊருக்குப் போகிறவை.
இந்த வரிசையை வாங்கப் பார்க்கிறது
யோர்க்கின் நிதியம்.

மணிக்கு நாலாயிரத்து இருநூறு பேர்.
மியூனிக்கில் இந்த எண் வந்தால்
யாராவது புட்டி திறப்பார்கள்.
ஆனால் படிவத்தில் இன்னொரு கட்டம் உண்டு:
கடப்பவர் கையில் பை இருந்ததா?
நேர்மையாகத்தான் எண்ணினேன்.
நிற்பவரைச் சேர்க்கக்கூடாது,
கோட்டைக் கடந்தால்தான் ஆள்.
தேத்தண்ணிக் கோப்பையோடு
பக்கத்து ஊர்க்காரனைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்
மூன்று மணி நேரமாய்
ஒரே இடத்தில் நின்றவர்கள்
என் தாளில் இல்லை.

“அளந்துக்கங்க,
வாடகை ஏத்தத்தானே” என்றாள் சஃபியா,
தலை நிமிராமல்.
வாசலில் தொங்கும் தராசில்
ஒரு பையனின் பெட்டி, முப்பத்தொரு கிலோ.
“ஏதாவது ஒண்ண எடுத்துரு தம்பி.
சோப்பா, சாக்லேட்டா, நீயே சொல்லு.”
அவன் யோசித்துக்கொண்டு நின்றான்.

லேசர் அளவியை வாசலில் வைத்து அழுத்தினேன்.
சிவப்புப் புள்ளி ஓடிற்று.
முழு வாடகையில் பளபளக்கும் கெட்டிப் பெட்டிகள்.
அரையில் துணிப்பைகள், பூப்போட்ட கம்பளிகள்.
காலில் பூட்டு, கயிறு, ஒட்டுநாடா.
அரைக்காலில் காபா படமும்
அதற்குக் கீழே சோறு வேகும் மின்குக்கரும்.
வீசத்தில்,
இருபத்தைந்து மீட்டர் முப்பது என்றது திரை.
வரைபடத்தில் இருபத்தொன்பது.
எங்கோ இடிக்கிறது.
எட்டிப் பார்த்தேன்.

கடைசி அட்டைப்பெட்டிமேல் ஒருவன்.
கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான்.
சட்டைப்பையில் என் புள்ளி.
எறும்பென்று நினைத்துத் தட்டினான்,
தட்டிய கைமேல் ஏறியது.
“அது என்னங்க உங்க மேல செவப்பா?”
என்றது கைப்பேசிக்குள் ஒரு குரல்.
“தெரியல. அளக்குறாங்க.”
பிறகு என்னைப் பார்த்து,
“தள்ளிக்கணுமா மேடம்?”

தள்ளிக்கொண்டால் இன்னும் கிட்டத்தட்ட நாலு மீட்டர்,
அதுவும் வீசக் கணக்கில்.
யோர்க்குக்கு ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு.

“வேண்டாம், பேசுங்க.”
இருபத்தைந்து முப்பது என்றே எழுதினேன்.
நாளைக்கு அலுவலகத்தில்
யாராவது வரைபடம் பார்த்துத் திருத்துவார்கள்.
திருத்தட்டும்.

வெளியே வந்தபோது
தராசு முள் இருபத்தொன்பதே முக்காலில் நின்றது.
பையன் கையில் ஒரு சின்னப் பொட்டலம்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.
சஃபியா அவனைப் பார்க்கவில்லை,
என் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.