சோதனைக்கு ஏதாவது சொல்லுங்கள்

சனிக்கிழமை காலை பத்து மணி.
ரெஜைனாவில் மைனஸ் முப்பது.
ஸ்டூடியோவுக்குள் மல்யுத்த மேடை இன்னும் காலி.
ஒரெஸ்ட் பாபியாக் டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் சொல்கிறேன்:
சோதனைக்கு ஏதாவது சொல்லுங்கள்.

மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள்.
அவர் காலையில் சாப்பிட்டதைச் சொல்வார்.
"இரண்டு முட்டை. ரை ரொட்டி.
நெட்டி போட்ட சஸ்கட்டூன் பழ ஜாம்.
கறுப்புக் காப்பி. அவ்வளவுதான்."
முள் பச்சையிலேயே நிற்கும்.
கட்டைவிரலை உயர்த்துவேன்.

பிறகு மணி அடிக்கும்,
சைபீரியப் புயல் வந்து அவர் காலரைப் பிடிக்கும்.
புயலுக்குச் சொந்த ஊர் யார்க்டன்.
வார நாட்களில் குழாய் வேலை.
எங்கள் வீட்டுக் குளியலறை அடைப்பை
ஒருமுறை வந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது,
காசு சரியாக எண்ணி வாங்கிக்கொண்டு.

முள் சிவப்பில் விழுந்து துடிக்கும்.
ஒரெஸ்ட் அரை அடி பின்வாங்குவார்.
ஓரடி போனால் கோழை,
அசையாமல் நின்றால் புயல் வெறும் காற்று.
அந்த அரை அடியில்தான் டிக்கெட் விற்றது
மூஸ் ஜாவில், ஸ்விஃப்ட் கரன்ட்டில்,
பனியில் கார் சிக்கி விடியவிடியத் தள்ளிய
பிரின்ஸ் ஆல்பர்ட் பாதை நெடுக.

மைக்கை எவன் கையிலும் தரமாட்டார். நீட்டுவார்.
கேள்விகள் சின்னவை:
ஏன்? எப்போது?
இதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா?
அதற்குமேல் அவர் கேட்டதில்லை,
அதற்குமேல் தேவைப்பட்டதும் இல்லை.

கூட்டுறவுக் கடையில் ஒரு பெண்
உறைந்த கோழியால் அவர் தோளில் அடித்தாள்.
அந்தப் பையனை நாற்காலியால் சாத்தினானே,
பார்த்துக்கொண்டா நின்றாய்?
ஒரெஸ்ட் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.
எல்லாம் நடிப்பு என்று அவளிடம் சொல்லவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
கோழியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

எண்பத்து மூன்றில் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள்.
டேப் விலை அதிகம்.
பதினோரு வருட ரத்தத்தின் மேல்
கர்லிங் போட்டிகளைப் பதிவு செய்தார்கள்,
வானிலை அறிக்கைகளையும்.
ஒரெஸ்டின் ஒரு கேள்விகூட மிச்சமில்லை.

மிச்சம், என் நிலவறையில் ஒரு சுருள்.
ஒவ்வொரு வாரமும் சோதனைத் துண்டை மட்டும்
வெட்டி வெட்டி ஒட்டிவைத்தது.
ஏன் என்று கேட்காதீர்கள்.
இருபத்து மூன்று வயது, கையில் பிளேடு, வேலை குறைவு.

நேற்று இரவு ஓடவிட்டேன்.

"ஓட்ஸ் கஞ்சி. நெட்டிக்கு இருமல்."
"பெரோகி, நேற்று மீந்தது, வெண்ணெயில் வதக்கி."
"முட்டை. ஒன்று. நானே போட்டது, ஓடு விழுந்துவிட்டது."
"ஆஸ்பத்திரி டோஸ்ட். ஒரு பக்கம் கருகல்."
"அதே டோஸ்ட்."
"அதே."
அப்புறம் நான்கு நொடி வெறும் இரைச்சல்.
தொண்டையைக் கனைக்கும் சத்தம்.
"காப்பி."

முள் பச்சையில்தான் இருந்திருக்க வேண்டும்.
நான் கட்டைவிரலை உயர்த்தியிருப்பேன்.
அன்றும் புயல் காலரைப் பிடித்திருக்கும்,
உன் எலும்பை எண்ணிக் கொடுக்கிறேன் என்று கத்தியிருக்கும்,
அவர் பின்வாங்கியிருப்பார், அரை அடி,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
எனக்கு எதுவும் நினைவில்லை.
நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஒட்டு, அடுத்த சனிக்கிழமை:
"பீட்ரூட் சூப். பெரிய பாத்திரம் நிறைய.
ஒரு குழாய்க்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்."
இரண்டு நொடி.
"வெந்தயக்கீரை கொஞ்சம் அதிகம்.
அளவு சரியா, தம்பி?"