அலகு: முழங்கால்

வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு முன்னம்
முன்மொழிவு போய்ச் சேரவேணும்.
இன்று திங்கள். அறிவியல்நகரிலிருந்து வரும் பஸ்ஸில்
தலைப்பை ஆறாவது தடவையாக மாற்றுகிறேன்.
'பாலைமுறிப்புக் குளத்தின் நீர்ச்சமநிலை: ஒரு மீளாய்வு.'
"மீளாய்வு எண்டால் முதல் ஆய்வு எங்கை?"
கேட்டவர் வதனகுலசிங்கம் சேர்.
சிவப்புப் பேனையை அவர் மூடுவதேயில்லை,
சட்டைப்பையின் அடியில் எப்போதும் ஒரு சின்ன அந்தி.

பின்னணி எழுதுவது சுகம்.
அலைகரை, துருசு, முந்நூறு ஏக்கர் பெரும்போகம்,
தண்ணீர் திறக்கிற கிழமையில் மட்டும்
ஊர் முழுக்கச் சொந்தக்காரராகிவிடும் வட்டவிதானை.

'ஆய்வு இடைவெளி' என்ற இடத்தில்தான் விரல் நின்றது.
இதுவரை எவரும் பார்க்காததைச் சுட்டுக, என்கிறது படிவம்.
குளத்தின் மழைப் பதிவேடு
2008 ஐப்பசி பதினேழு வரை வருகிறது.
நீல மை. 42.6 மில்லிமீற்றர். கையொப்பம்.
அடுத்த பக்கம் 2011 தை. கறுப்பு மை. வேறு கை.
இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளின் தடிப்புக்கூட இல்லை.

"அயல் நிலையங்களின்ர சராசரியைப் போடும்,
விடுபட்ட பெறுமதிக்கு அதுதான் முறை."
அயலில் மூன்று நிலையங்கள்.
மூன்றும் அதே கிழமையில் இடம்பெயர்ந்திருந்தன.

ஆகவே முறையியலில் எழுதினேன்:
ஞாபகத்திலிருந்து மழையை அளத்தல்.
முன்னோட்டமாக ஒரேயொரு நேர்காணல்,
கமநல நிலையத்தில் பசளை எழுதும் பவளராணி.

"அந்தக் கார்த்திகையில எவ்வளவு மழை?"
"பங்கருக்குள்ள முழங்கால் மட்டும் தண்ணி."
"எத்தனை மணித்தியாலத்தில?"
"படுக்கேக்க இல்லை. விடியேக்க நிண்டது."
நீளம், அகலம், கிறவலா களியா, மேலே எத்தனை பனங்குற்றி,
எல்லாம் சொன்னார், புதுவீட்டுக்கு அளவு சொல்வதுபோல.

படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் இரண்டு சிவப்பு:
வழிந்தோடி வந்த நீரை எப்படிக் கழிப்பீர்?
முழங்கால், அலகு வரையறுக்கப்படவில்லை. யாருடையது?

முதலாவதற்குச் சமன்பாடு இருக்கிறது.
இரண்டாவதற்குத் திரும்பப் போனேன்.
பட்டியலில் இருந்து நிமிராமல் சொன்னார்,
"மகளின்ர."
"வயது?"
"ஆறு."
அடுத்த கேள்வி பல்லுவரை வந்தது.
கொப்பியில் அதற்கு நிரல் கீறியிருக்கவில்லை.
யூரியா எத்தனை மூடை என்று
பின்னால் நின்றவர் கேட்டார்.

ஒழுக்கநெறிக்கு இரண்டு பந்தி வேணுமாம்.
ஒரு வசனம்தான் எழுதினேன்:
'அளவுகோலாகச் சொல்லப்படும் ஆளைப் பற்றி
அளவைத் தவிர வேறெதுவும் கேட்கப்படமாட்டாது.'

வியாழன் காலை, முதலாம் வகுப்பு.
அதிபருக்குக் கடிதம். ரீச்சரிடம் இரவல் வாங்கிய தையல் நாடா.
ஆறு வயதுப் பெட்டைகள் பன்னிரண்டு பேர்.
ஒரு முழங்காலில் பிளாஸ்டர், ஒன்றில் மாம்பழச்சாறு.
"எங்களுக்குச் சட்டை தைக்கவோ மிஸ்?"
கூச்சத்தில் துள்ளியதில் இரண்டு அளவு பிழைத்தது,
திரும்ப எடுத்தேன்.
சராசரி முப்பத்தொரு சென்ரிமீற்றர்.

பாதீடு:
பெற்றோல் ஐந்து லீற்றர், நாடா ஒன்று,
தோடம்பழ இனிப்பு ஒரு பைக்கற்.
நியாயப்படுத்துக என்று வந்தால் நியாயப்படுத்துவேன்.

ஆயிரத்தைந்நூறு சொல்லுக்கு மேல் நாற்பத்திரண்டு கூட.
'கொடிய' போனது, 'ஆறாத' போனது, 'பேரவலம்' போனது.
அவை போனதில் குளத்துக்கு ஒரு சேதமும் இல்லை.
அடிக்குறிப்பை மட்டும் விட்டுவைத்தேன்:
ஒரு முழங்கால் (சிறுமி, 6) = 31 செ.மீ.

மாதிரியின் பருமன் ஒன்று,
இது போதுமா என்று கேட்பீர்கள்.
போதாது, சேர்.
பாலைமுறிப்பில் இன்னும் எத்தனை முழங்கால்கள் என்று
எனக்குத் தெரியாது.
அதைத்தான் முன்மொழிகிறேன்.