ஒரு கூண்டு நீளம்

அடியில்லாத கூண்டு.
மேலே தகரம், நாலு பக்கமும் வலை,
முன்னால் ஒரு கயிறு.
விடிந்ததும் கயிற்றைத் தோளில் போட்டு
ஒரு கூண்டு நீளம் இழுப்பேன்.
உள்ளே எழுபது கோழிகள்
தரைதான் நகர்கிறதென்று நம்பிக்
கூடவே நடக்கும்.
நேற்றைய சதுரம் பின்னால் கிடக்கும்,
மிதிபட்டு, எச்சம் அப்பி,
பார்க்கச் சகிக்காமல்.
ஆறு வாரம் கழித்து வந்து பாருங்கள்,
அந்தச் சதுரத்தில்தான் புல் முழங்காலைத் தொடும்.

இப்படி மூன்று கூண்டு,
பதினோரு ஏக்கர், உம்சிண்டோ மேட்டில்.
கரும்பைத் தோண்டி எறிந்துவிட்டுப்
பூபாலன் புல் விதைத்த வருஷம்
பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார்:
"யாராவது பணம் கொடுத்துப் புல் வாங்குவானா?"
கடற்காற்றில் இன்னும் வருகிறது
செசெலா ஆலையின் தீய்ந்த வெல்ல வாசம்.
கோழிகளுக்கு அது பழகிவிட்டது.
பூபாலனுக்கு இல்லை.

ஆடி எங்களுக்கு அறுவடை.
மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் ஞாயிறுகளில்
கார்கள் ரோடுவரை நிற்கும்.
"செவலைச் சேவல் வேணும், ஊனம் இருக்கக் கூடாது,
கொண்டை நிமிர்ந்து நிக்கணும்."
நான் காலைக் கட்டிக் கொடுப்பேன்.
லோஷ்னி சில்லறை கொடுப்பாள்,
சேவலின் கண்ணைப் பார்க்காமல்.

பிறகு புரட்டாசி.
போன் செத்துப்போகும்.
அடித்தாலும், "அக்கா, கேக்கில் முட்டை போட்டா
விரதம் முறிஞ்சிடுமா?" என்று கேட்கத்தான்.
நானும் விரதம்.
கறி விற்றுப் பிழைப்பவள்
பருப்பும் பூசணியும் தின்றுவிட்டுக்
கறியாக வேண்டியவற்றுக்குத் தீனி அளக்கிறேன்.
எட்டு வாரத்தில் போயிருக்க வேண்டியவை
பன்னிரண்டைத் தாண்டுகின்றன.
நெஞ்சு கனத்துக் கால் மடங்குகிறது.
கயிறு தோளை அறுக்கிறது.
தீனிக்கடை நாயுடு எங்கள் கடனைப்
பென்சிலில் எழுதுகிறார்,
அழிக்கலாம் என்ற ஆறுதலுக்கு.

பருந்துக்குப் புரட்டாசி கிடையாது.
ஆவணியிலேயே வந்துவிடும்
வடக்கிலிருந்து, மஞ்சள் அலகோடு.
மூன்றாம் சனிக்கிழமை
நான் பெருமாளுக்குத் தளிகை போட்டிருக்க,
தாயோடு மேய்ந்த குஞ்சொன்றைத்
தூக்கிப் போனது.
தோபிலே தன் செருப்பைக் கழற்றி எறிந்தாள்.
செருப்பு பலா மரத்தில் மாட்டிக்கொண்டது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில்
தோபிலே வேலைக்கு வரவில்லை.
மாலையில் வந்தாள், கறுப்புச் சால்வையில்.
அண்ணன் பேகி போய்விட்டாராம்.
கரும்பு லாரி ஓட்டியவர்.
எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம்
வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்
கோழிகள் சிதறுவதைப் பார்த்துச் சிரிப்பவர்.
"சனிக்கிழமை அடக்கம். முந்நூறு பேர் வருவாங்க.
முதல் கூண்டு முழுசும் வேணும்."

சொல்லத்தான் வேண்டும்:
எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை.
எழுபதை விலையால் பெருக்கி
நாயுடுவின் பென்சில் கணக்கைக் கழித்தேன்.
அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பிடித்தேன்.

பாதி விலை போதும் என்றேன்.
என் கைக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.
"செத்தவருக்குத் தள்ளுபடி வேண்டாம்."
நோட்டுகளை நக்கி நக்கி எண்ணி
மேசைமேல் வைத்தாள்.
நான் திரும்ப எண்ணவில்லை.
எண்ணியிருக்க வேண்டுமோ?
எண்ணாததும் ஒரு தள்ளுபடி என்று
அவளுக்குப் பட்டிருக்குமோ?

வெள்ளி இரவு டார்ச் வெளிச்சத்தில் பிடித்தோம்.
உயிரோடுதான் கொடுத்தேன்.
விரதம் முறியவில்லை,
யாராவது கேட்டால்.

ஞாயிறு விடிந்ததும்
கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தேன்.
கூண்டு என்னை முந்திக்கொண்டு வந்து
குதிகாலில் இடித்தது.
அப்போதுதான் நினைவு வந்தது, உள்ளே ஒன்றுமில்லை என்று.
ரோட்டில் ஒரு கரும்பு லாரி போனது.
மற்ற இரண்டு கூண்டிலும் கோழிகள்
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன,
சத்தம் வரட்டும் என்று.